அடுப்பு அளவுக்கு நறுக்கிய சேங்கொட்டை மரம்

போன மாதம் ஒரு காலையில் அமுதா போன் செய்தார். எங்கள் ரேஞ்சில் இப்போது வனக்காப்பாளராக இருக்கும் பெண். நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருஷம் முன்னால் வேலைக்கு வந்தவர்.

"ஐயா, குவார்ட்டர்ஸ் பின்னாடி ஒரு சேங்கொட்டை மரம் நிக்குதுங்க. குட்டிச் செடி வேற பத்துப் பன்னெண்டு மொளைச்சிருக்கு. இன்னிக்கு ஜேசிபி வருது. புடுங்கிப் போட்டு, காஞ்சதும் கொளுத்திடலாம்னு இருக்கோம். நீங்க இன்னா சொல்றீங்க?"

நான் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தட்டோடு எழுந்து நின்றுவிட்டேன். என் மனைவி சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்து, "யாரு, ரேஞ்சரா?" என்றாள்.

"எரிக்காதம்மா," என்றேன். "வெட்டு, புடுங்கு, என்ன வேணா பண்ணு. எரிக்க மட்டும் வேணாம்."

"ஏங்க ஐயா?"

அந்த 'ஏன்'தான் கீழே இருப்பது. போனில் பாதி சொல்வதற்குள் ஜேசிபி வந்துவிட்டது. மீதியை எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். என்னோடு வேலை பார்த்தவர்கள் இதைப் படித்துவிட்டு, "ஏழுமலை வழக்கம்போல அளக்கிறான்" என்று சொல்வார்கள். சொல்லட்டும். நான் சொல்வதை யாரும் நம்பாததால் வந்த கதைதான் இது.

நான் வனத்துறைக்கு வந்தது மரத்தின்மேல் இருந்த காதலால் அல்ல. கள்ளக்குறிச்சியில் ஒரு விறகுவாடியில் மரம் பிளந்துகொண்டிருந்தேன். அங்கே கற்றது ஒன்றே ஒன்று: எந்த மரமானாலும் ஒரு முழம் நீளம், நாலாகப் பிளப்பு, அடுப்பில் இடிக்காமல் நுழைய வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு வெட்டினாலும் என் துண்டுகள் அளவு தப்பாது. இந்தத் திறமையை நம்பித்தான் கல்வராயன் மலையடிவாரத்தில் தினக்கூலி தோட்டக் காவலராக என்னைச் சேர்த்தார்கள். அந்தத் திறமைதான் பிறகு என்னைக் கவிழ்த்தது.

எனக்கு மேலே இருந்தவர் ஒரு வனவர். ஒல்லியான ஆள். கோபம் வந்தால் குரல் இன்னும் தணிந்துவிடும். எங்களுக்குள் அவருக்கு 'வரிசை' என்று பேர். எதைச் சொன்னாலும் "மொதல்ல இது, அப்புறம் அது" என்று விரலை மடக்கி மடக்கிச் சொல்வார். மடக்கின விரலை வேலை முடிகிறவரை பிரிக்க மாட்டார். அவர் மூன்று விரலை மடக்கிக்கொண்டு நின்றால் இன்னும் இரண்டு வேலை பாக்கி இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும்.

சேங்கொட்டை தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. சலவைக்காரர்கள் துணியில் குறி போடுவார்களே, எத்தனை துவைத்தாலும் போகாத கறுப்புக் குறி, அது இந்தக் கொட்டையின் பால்தான். கொட்டையில் மட்டும் இல்லை, மரம் முழுக்க அந்தக் குணம் உண்டு. வெட்டும்போது பார்க்கப் பரமசாதுவாக இருக்கும். மறுநாள்தான் உடம்பு தடிக்கும், கொப்புளிக்கும், நீர் வடியும். சிலருக்கு அந்த மரத்து நிழலில் உட்கார்ந்தாலே போதும்.

மலையடிவாரத்து ஊர் ஒன்றில் நர்ஸம்மா குடியிருந்த வீட்டின் பின்வாசலில் அப்படி ஒரு மரம் நின்றது. மாதாமாதம் பார்த்துக்கொள்ள வரும் கர்ப்பிணிப் பெண்கள் வெயிலுக்கு அதன் அடியில்தான் உட்காருவார்கள். வந்தவர்களில் நாலு பேருக்கு முகம் வீங்கிப் போனது. நர்ஸம்மா எங்கள் ஆபீசுக்கு நடையாய் நடந்தார். "ஊசி போடறதுக்கு முன்னாடியே வீங்கி வந்தா நான் எதுக்குன்னு மருந்து குடுக்கிறது?" என்று கேட்டார். மரத்தை எடுத்துவிடச் சொல்லி உத்தரவு வந்தது. எடுக்கிற ஆள் நான்.

வனவர் ஒரு தகரக் குவளை நிறைய நல்லெண்ணெயோடு வந்தார்.

"சட்டையைக் கழட்டு," என்றார். "மொதல்ல எண்ணெய். கை, கழுத்து, காது பின்னாடி, விரல் இடுக்கு. தலைக்குக் குளிக்கிற மாதிரி இல்ல, அதுக்கு மேல. அப்புறம்தான் சட்டை. முழுக்கை. கையில சாக்கு சுத்திக்க. மூஞ்சிக்குத் துணி."

"மூக்கு அரிச்சா இன்னாங்க பண்றது?"

"அரிக்கட்டும். வேலை முடியற வரைக்கும் அது உன் மூக்கு இல்ல."

காற்று இல்லாத காலை நேரமாகப் பார்த்தோம். குட்டிச் செடிகளுக்கு முந்தின நாளே தண்ணீர் ஊற்றி மண்ணை இளக வைத்திருந்தோம். சாக்குத் துண்டால் தண்டைப் பிடித்து, உடையாமல், வேரோடு இழுக்க வேண்டும். வேர் அறுந்தால் மறுபடி துளிர்க்கும். இழுத்ததை உதறக் கூடாது. பெரிய மரத்துக்கு முதலில் கிளை, அப்புறம் தண்டு, அப்புறம் வேர்க்கட்டை. வெட்டின கிளையைத் தரையில் தரதரவென்று இழுக்கக் கூடாது, தூக்கித்தான் போட வேண்டும். கோடாலிக் காம்பில் சாம்பல் தடவி, வேலை முடிந்ததும் சவுக்காரம் போட்டுக் கழுவ வேண்டும். இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து அந்தக் கோடாலியைத் தொடுகிறவனுக்கும் கை தடிக்கும். துணியை வெளிப்பக்கம் உள்ளே போகிற மாதிரி சுருட்டிக் கழற்றித் தனியாகத் துவைக்க வேண்டும். உடம்புக்கு மறுபடி எண்ணெய், துடைப்பு, அப்புறம் சோப்பு, பச்சைத் தண்ணீர். வெந்நீர் கூடவே கூடாது.

"இதெல்லாம் முடிச்சுட்டுத்தான் ஒண்ணுக்குப் போவணும்," என்றார் வனவர், விரலை மடக்கியபடி.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அந்த ஒரு இடத்தில் மட்டும் நான் வரிசையை மாற்றினேன். அடக்க முடியவில்லை. என்ன ஆனது என்று இங்கே விவரமாக எழுத முடியாது. ஒரு வாரம் நான் கன்றுக்குட்டி மாதிரி காலை அகட்டி நடந்தேன் என்பதோடு விட்டுவிடுகிறேன்.

கடைசி விரல் பாக்கி இருந்தது. "வெட்டினதைப் புதைக்கணும். இடுப்பளவு குழி. கல்லு, அதும்மேல மண்ணு. எரிக்கிறது மட்டும் ஆவாது. போன ரேஞ்சுல ஒருத்தன் காஞ்ச கட்டைதானேன்னு அடுப்புல வெச்சான். புகையை இழுத்துட்டான். கண்ணு மூடிக்கிச்சு, தொண்டை உள்ளே வீங்கிடுச்சு. மூணு நாளு மூச்சுக்குத் தவிச்சான். வெளியில கொப்புளம் வந்தா எண்ணெய் போடலாம். உள்ளே வந்தா எங்கே போடுவ?"

சரிங்க என்றேன். அவர் போனதும் குழி வெட்டினேன். முழங்கால் ஆழத்தில் பாறை. இன்னொரு இடம். அங்கேயும் பாறை. மரம் வெட்டின களைப்பு வேறு. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று மரத்தையெல்லாம் ரோட்டோரம் கொண்டுபோய்ப் போட்டேன்.

போட்டவன் சும்மா போட்டிருக்கலாம். விறகுவாடிக் கை சும்மா இருக்குமா? குட்டிச் செடி உட்பட எல்லாவற்றையும் ஒரு முழம் ஒரு முழமாக நறுக்கி, தண்டை நாலாகப் பிளந்து, குறுக்கும் நெடுக்குமாக, காற்றுப் போகிற மாதிரி அடுக்கினேன். தள்ளி நின்று பார்த்தேன். எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா? கள்ளக்குறிச்சி தாலுகாவிலேயே அதைவிட நல்ல விறகுக் கட்டு இருந்திருக்காது.

"புதைச்சாச்சா?" என்று சாயங்காலம் வனவர் கேட்டார்.

"புதைச்சாச்சுங்க," என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். கடைசி விரலை மடக்கவும் இல்லை, பிரிக்கவும் இல்லை. போய்விட்டார்.

நாளை என்பது பத்து நாளானது. அடித்த வெயிலில் கட்டைகள் நன்றாகக் காய்ந்தன. அதற்குள் இடஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கம் சாலை மறியல் ஆரம்பித்துவிட்டது. ரோட்டோரத்துப் புளிய மரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்தார்கள். பஸ் நின்றது. அந்த நாட்களில் மற்ற ஊர்களில் நடந்ததெல்லாம் சிரித்துப் பேசுகிற விஷயம் இல்லை, உயிர்ச்சேதமும் உண்டு. நான் எங்கள் ரோட்டில் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

எங்கள் ரோட்டு மறியலை நடத்தியவன் என் மனைவியின் அண்ணன் தனுசு. மாமியார் வீட்டு ஊரே ரோட்டில்தான் உட்கார்ந்திருந்தது. காக்கிச் சட்டை போட்டுவிட்ட தோஷத்தால் நான் மட்டும் போகவில்லை. தினக்கூலியாக இருந்த என்னை நிரந்தரம் செய்யப் பேர் போயிருந்தது. மறியலில் பார்த்தார்கள் என்று ஒருத்தன் எழுதிப் போட்டால் தீர்ந்தது.

மூன்றாம் நாள் காலை நர்ஸம்மா வீட்டுப் பக்கம் போனேன். ரோட்டோரம் வெறுமையாக இருந்தது. என் அழகான அடுக்கு இல்லை. மாட்டுவண்டித் தடம் மட்டும் இருந்தது.

நர்ஸம்மா வாசலில் நின்றார். "வெறகா? உங்க மச்சான் ஆளுங்கதான் வெடிகாலையில வந்து ஏத்திக்கினு போனாங்க. மறியல்ல சமைக்கிறாங்களாம். நீங்கதான் அவங்களுக்குன்னு வெட்டி வெச்சீங்களோன்னு நெனச்சேன். அவ்ளோ அழகா அடுக்கி இருந்துச்சே."

மறியலில் ரோட்டிலேயே கல் வைத்து, அண்டா ஏற்றி, கும்பலுக்கே சமைப்பார்கள். குழந்தைகள் அடுப்பைச் சுற்றித்தான் இருக்கும். சமைக்கிறவர் யார் என்பதை நர்ஸம்மா சொல்ல வேண்டியதில்லை. அந்த ஊரில் நூறு பேருக்கு உலை வைக்கத் தெரிந்தது என் மாமியார் ஒருத்தருக்குத்தான். மாமியாருக்கு இழுப்பு உண்டு. மழை நாளில் அவர் மூச்சு விடுவது அடுத்த வீட்டுக்குக் கேட்கும்.

ஓடினேன். மூன்று மைல் இருக்கும். பாதி வழியில்தான் காக்கிச் சட்டை ஞாபகம் வந்தது. காக்கியோடு மறியலுக்குள் ஓடுகிறவனை யாரும் மாலை போட்டு வரவேற்க மாட்டார்கள். சட்டையைக் கழற்றி ஒரு வேலியில் மாட்டிவிட்டு, லுங்கியும் வெற்றுடம்புமாக ஓடினேன்.

சாய்ந்து கிடந்த புளிய மரத்தைத் தாண்டிக் குதித்தபோது மூன்று அண்டாக்கள் கல்லின்மேல் உட்கார்ந்திருந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் என் கட்டைகள். அடியில் போக மிச்சம், முன்னால் குட்டி மேடையாக அடுக்கியிருந்தது. மண்ணெண்ணெய் தெளித்தாகிவிட்டது. மாமியார் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கையில் தீப்பெட்டி வைத்திருந்தார். சுற்றிலும் பெண்கள், குழந்தைகள்.

"வாங்க மாப்ள," என்றார். "கடைசியில வந்துட்டீங்க. சட்டையக்கூடப் போடாம வந்துட்டீங்க."

"அத்தை, கொளுத்தாதீங்க. இது சேங்கொட்டைக் கட்டை. புகை வெஷம்."

ரோடே சிரித்தது.

அவர்கள் சிரித்ததற்கு நான்தான் காரணம். முன்பு தனுசு வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்கு, அண்டா நிறைய சர்க்கரைப் பொங்கல் இறக்கி வைத்திருந்தார்கள். நான் எட்டிப் பார்த்து, "ஐயையோ, பல்லி வுழுந்துடுச்சு" என்றேன். எல்லாரும் விலகிப் போனார்கள். பின்கட்டில் நான் தனியாக உட்கார்ந்து முந்திரியாகப் பொறுக்கித் தின்றுகொண்டிருந்ததை மாமியாரே கையும் களவுமாகப் பிடித்தார். அன்றிலிருந்து அந்த ஊரில் சாப்பாட்டைப் பற்றி நான் பேசும் எதற்கும் மதிப்பில்லை.

"இன்னிக்கு இன்னா வுழுந்துச்சு மாப்ள, பல்லியா, ஓணானா?" என்றார் மாமியார். சுற்றி இருந்தவர்கள் மறுபடி சிரித்தார்கள். அவர் குச்சியைக் கிழித்தார்.

காற்றில் அணைந்தது. இரண்டாவது குச்சியை எடுத்தார்.

எனக்குப் பேச்சு வரவில்லை. வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. என்ன செய்கிறேன் என்று யோசிக்காமல், அவருக்கும் அடுப்புக்கும் நடுவில் புகுந்து, அந்தக் கட்டை அடுக்கின்மேல் உட்கார்ந்துவிட்டேன். ஓடி வந்த வேர்வையில் லுங்கி உடம்போடு ஒட்டியிருந்தது. மண்ணெண்ணெய் ஈரம் வேறு. உட்காருவதற்கு அதைவிட மோசமான இடம் அந்த ஜில்லாவில் இல்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

தனுசு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். அவன் சிரிக்கவில்லை.

"இன்னா மச்சான் இது? மூணு நாளா எட்டிப் பாக்கல. இப்ப வந்து சோத்து மேல உக்காந்துகினு கீறே. யாரு அனுப்பிச்சாங்க? பசியில எழுந்து வூட்டுக்குப் போய்டுவாங்கன்னு எவன் ஐடியா குடுத்தான்?"

"எவனும் அனுப்பல. மரம் நான் வெட்டினது."

"கவர்மெண்ட் மரத்துல வெறகு எடுத்தோம்னு கேஸ் போடப் போறியா? போடு. டேய், தூக்குங்கடா இவரை."

இரண்டு பேர் என் அக்குளில் கை கொடுத்தார்கள். அவர்கள் கை என் தோளில் பட்டபோதுதான் பார்த்தேன். விரல் இடுக்கிலும் உள்ளங்கையிலும் கறுப்பு.

"தூக்குங்க," என்றேன். "அதுக்கு முன்னாடி உங்க கையைப் பாருங்க."

"தாரு," என்றான் ஒருவன். "ரோட்டுல உக்காந்தா தாரு ஒட்டாதா?"

"தாருன்னா மண்ணெண்ணெயில போவும். பாட்டில் பக்கத்துல கீது. தொடச்சுப் பாரு. போச்சுன்னா நானே எழுந்து அடுப்பைக் கொளுத்துறேன்."

அவன் ஒரு துணியில் மண்ணெண்ணெய் நனைத்துத் தேய்த்தான். தேய்த்தான். கூட்டம் அவன் கையையே பார்த்தது. கறுப்பு அப்படியே இருந்தது. இன்னொருவன் தன் கையைப் பார்த்தான். வண்டியில் ஏற்றினவர்கள் நாலு பேர் கையிலும் அதே கறுப்பு. அதில் ஒருவர் வீட்டில் சலவைத் தொழில். அவர் விரலை முகர்ந்து பார்த்துவிட்டு, "குறி போடற கொட்டை வாசனைதான்," என்றார்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். புதைக்கச் சொன்னது, புதைக்காதது, வனவரிடம் பொய் சொன்னது, போன ரேஞ்சில் மூச்சுக்குத் தவித்தவன். நடுவில் ஒரு இடத்திலும் வேடிக்கையாகச் சொல்லத் தோன்றவில்லை.

மாமியார் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தீப்பெட்டியை மூடி இடுப்பில் செருகிக்கொண்டார்.

"நெசமாத்தான் சொல்றாரு," என்றார். "கல்யாணத்தன்னிக்குக்கூட இந்த மூஞ்சி இப்டி இல்ல."

நான் அடுக்கிலிருந்து எழுந்தேன்.

அதற்குப் பிறகு வனவரின் வரிசை எனக்குத் தலைகீழாகப் பாடமாக வந்தது. தாளிக்க வைத்திருந்த கடலெண்ணெய் டின்னை உடைத்து, கட்டையைத் தொட்ட அத்தனை பேர் கையிலும் ஊற்றினேன். துடைப்பு. சோப்பு. பக்கத்துக் கழனிக் கிணற்றுப் பச்சைத் தண்ணீர். மறியலுக்குச் சாய்த்த புளிய மரத்தின் இலையை உருவி அரைத்துப் பெண்கள் எல்லார் கையிலும் பூசிவிட்டார்கள். எங்கள் பக்கம் சேங்கொட்டைக் கொப்புளத்துக்குப் புளிய இலைதான் மருந்து. ரோட்டை மறிக்க வெட்டினது கைக்கு உதவியது. நானும் விரல் மடக்கிக்கொண்டே நடந்தேன். தனுசு, "இன்னா மச்சான், கை வலிக்குதா?" என்று கேட்டான்.

கட்டைகளைச் சாக்கு சுற்றின கையால் எடுத்தோம். அண்டாவுக்கு அடியில் இருந்த கல்லைக்கூட விடவில்லை. ரோட்டோரப் புறம்போக்கில் குழி வெட்டினார்கள். ஆள் ஜாஸ்தி, கடப்பாரை ஜாஸ்தி, பாறை கிடையாது. பத்து நாளாக நான் வெட்டாத இடுப்பளவு குழி அரை மணியில் முடிந்தது. கல், மண், மேலே தனுசு ஏறி நின்று மிதித்தான். தென்னை மட்டையை வைத்துச் சமைத்து, சாயங்காலம் நாலு மணிக்குச் சோறு தின்றோம். எனக்கு முதல் பந்தியில் இடம். அன்றைக்குக் கடைசியாக நான் உட்கார்ந்தது அந்தப் பந்தியில்தான்.

கட்டை தூக்கினவர்களுக்கு முழங்கையில் நாலைந்து கொப்புளம் வந்து அடங்கியது. மாமியாருக்கு ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகும் பல மழைக்காலம் அவர் மூச்சு அடுத்த வீட்டுக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கும்.

எல்லார் கையையும் கழுவிவிட்ட அவசரத்தில் நான் எதில் உட்கார்ந்தேன் என்பதை மறந்துபோனேன். மறுநாள் காலை ஞாபகம் வந்தது. இரண்டு வாரம் குப்புறப் படுத்தேன். என் மனைவி புளிய இலை அரைத்துக்கொண்டே சிரித்தாள். சிரித்துச் சிரித்து அம்மியில் பாதி இலை கீழே விழுந்தது.

அந்த இரண்டு வாரத்துக்குள்தான் பஸ் ஓட ஆரம்பித்தது, ரேஞ்சர் எங்களை நேரில் பார்க்கக் கூப்பிட்டார். நிரந்தரம் செய்வதற்கான விசாரணை.

"உக்காருய்யா," என்றார் ரேஞ்சர்.

"பரவால்லிங்க ஐயா."

"அட, உக்காரு. நெறைய கேக்கணும்."

"நிக்கிறேங்க ஐயா."

மூன்றாம் தடவையும் சொன்னார். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். முக்கால் மணி நேரம். எனக்கு முன்னால் போனவர்கள் எல்லாரும் உட்கார்ந்து பதில் சொல்லியிருக்கிறார்கள். ரேஞ்சர் வனவர் பக்கம் திரும்பி, "இந்தக் காலத்துல இவ்ளோ பணிவா ஒரு ஆளா?" என்றார். வனவர் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தோள் மட்டும் லேசாகக் குலுங்கியது.

வெளியே வந்ததும் வனவரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். வேலை போனால் போகட்டும் என்றுதான் சொன்னேன்.

"தெரியும்," என்றார். "நீ புதைச்சேன்னு சொன்ன மறுநாளே போய்ப் பார்த்தேன். புதைச்ச எடத்துல மண்மேடு இருக்கும். அங்க இல்ல. நீயா வந்து சொல்லுவேன்னு விட்டேன். விட்டிருக்கக் கூடாது. அது என் தப்பு." ஒரு விரலை மடக்கிக்கொண்டு கேட்டார்: "இப்ப எங்க கீது?"

"ரோட்டோரம் புறம்போக்குல, ஐயா. இடுப்பளவு."

மறுநாள் அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்த இடத்துக்குத் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஆபீசுக்குள் நுழையும்போது ஐந்து விரலையும் பிரித்து எனக்குக் காட்டினார். அவ்வளவுதான். அந்த மாதமே என் பேர் நிரந்தரப் பட்டியலில் வந்தது. பணிவுக்காகக் கிடைத்த வேலையை அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை பார்த்தேன்.

ஜேசிபி வந்த அன்று சாயங்காலமே அமுதாவுக்குப் போன் செய்தேன்.

"பொதைச்சாச்சுங்க ஐயா," என்றார்.

"எவ்ளோ ஆழம்?"

"இடுப்பளவு."

"யார் இடுப்பு?"

"என் இடுப்புதாங்க ஐயா," என்று சிரித்தார். ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். வந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். புது மண். நல்ல மேடு. பக்கத்தில் அமுதா, முழுக்கைச் சட்டை, எண்ணெய் வழிகிற முகம்.

நாற்காலியை இழுத்துப் போட்டு, நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தேன்.